எக்ஸ்சேஞ்சில் உங்களுக்கு எதிரே இருந்தது யார்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஈரமண் எழுதியது:

2013 முதல் 2016 வரை பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் டிரேடிங் செய்தவன் நான். முழுநேரம் இல்லை. இங்கிலாந்தில் ரெடிங்கில் சாப்ட்வேர் வேலை, மிச்ச நேரத்தில் மாலைக் குதிரைப் பந்தயங்களும் சனிக்கிழமைகளும். தொழிலாகச் செய்கிறவர்கள் சாதாரண ஆட்களிடம் நியாயமாகத்தான் ஜெயிக்கிறார்களா என்று கேட்டால், முதல் இரண்டு வருடம் "ஆமாம், இதில் என்ன சந்தேகம்" என்று சொல்லியிருப்பேன். ஒரு ஜூலை மாத மதியத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எக்ஸ்சேஞ்ச் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புக்கியிடம், அதாவது பந்தயக் கடை நடத்தும் நிறுவனத்திடம், பந்தயம் கட்டினால் எதிரே நிற்பது அந்த நிறுவனம். எக்ஸ்சேஞ்சில் எதிரே நிற்பது உங்களைப் போல இன்னொரு ஆள். "இந்தக் குதிரை ஜெயிக்கும்" என்று நீங்கள் பணம் வைப்பது பேக். "ஜெயிக்காது" என்று அவர் வைப்பது லே. நடுவில் இருக்கும் நிறுவனம் ஜெயித்தவர் லாபத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். 2000இல் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே இருவரும் தொடங்கிய பெட்ஃபேர்தான் இந்த முறையைப் பெரிதாக்கியது.

குதிரைப் பந்தயத்தில் என் வேலை, ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில். ஒரு குதிரையை 4.1 விலையில் 100 பவுண்டுக்கு பேக் செய்வேன். 4.1 என்றால், ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு, போட்ட பவுண்டையும் சேர்த்து, 4.10 திரும்பி வரும்; ஜெயிக்கும் வாய்ப்பு குறையக் குறைய விலை ஏறும். விலை 4.0க்கு இறங்கியதும் 102.50க்கு லே செய்வேன். குதிரை ஜெயித்தால் 310 வரும், 307.50 போகும். தோற்றால் 100 போகும், 102.50 வரும். எப்படி இருந்தாலும் கையில் இரண்டரை பவுண்டு. குதிரையின் பெயர்கூட நினைவில் இருக்காது. விலை தப்பான பக்கம் போனால் கிட்டத்தட்ட அதே இரண்டரையை இழந்து வெளியே வரவேண்டும். அப்படி வெளியே வரப் பழகவே எனக்கு எட்டு மாதம் ஆனது. இந்தப் பணத்தைப் பற்றி எனக்கு இன்றும் உறுத்தல் இல்லை. எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே விலை. எங்களைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் பணம் வைத்துக்கொண்டு நிற்பதால்தான், வருடத்துக்கு ஒரு தடவை கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்துக்குப் பத்து பவுண்டு கட்டுகிறவருக்கும் கடையில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கிறது.

உறுத்தியது வேறு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கட்டுகிற பந்தயம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். டென்னிஸ் என்றால் உயிர். விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரமும் பகல் தூக்கத்தை விட்டுவிடுவார். போனில் ஆட்டம் ஓடும், அதே போனில் இருபது, முப்பது பவுண்டு பந்தயமும் ஓடும். நான் டிரேடிங் செய்வது அவருக்குத் தெரியும். ஆனால் அது பங்குச்சந்தை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தார். நானும் திருத்தவில்லை.

அந்த மதியம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். அவர் ஒரு ஆட்டக்காரர் மேல் 1.80 இருக்கும்போது, "1.90க்குக் கேட்டு வைக்கிறேன், கிடைத்தால் கிடைக்கட்டும்" என்று முப்பது பவுண்டைப் போட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் கிடைத்தது. முகம் மலர்ந்தது. அவர் போனில் அந்த ஆட்டக்காரர் அப்போதுதான் சர்வீஸ் போடப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். என் திரையில் விலை 2.10ஐத் தாண்டிப் போயிருந்தது. அந்தப் புள்ளி ஏற்கெனவே முடிந்திருந்தது. கேமே போயிருந்தது.

பத்துப் பதினைந்து வினாடி கழித்து அவர் போனிலும் அது நடந்தது. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "பாத்தியா தம்பி, கேட்ட விலை கிடைக்குது, கிடைச்ச உடனே பொயின்ட் போயிடுது. எனக்கு எப்பவும் இப்படித்தான். ராசி இல்லை."

ராசி இல்லை என்பது உண்மையில்லை. புள்ளி போனதால்தான் அவர் கேட்ட விலை கிடைத்தது. உண்மையான விலை 1.90 இல்லை, 2.10க்குப் போகவேண்டியது என்று முன்கூட்டியே அறிந்த ஒருவர் அவருடைய முப்பது பவுண்டை எடுத்துக்கொண்டார். ஆட்டத்தின் நடுவே வரும் பந்தயங்களை எக்ஸ்சேஞ்ச் சில வினாடி நிறுத்திவைத்துத்தான் ஏற்கும். காத்திருக்கும் பந்தயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த வினாடிகள் ஒரு வாய்ப்பு. மைதானத்தில் இருப்பவருக்கு அது போதும். போனில் பார்ப்பவர் அதைவிடப் பின்னால் இருக்கிறார். எடுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த முப்பது பவுண்டை எடுத்தது நான் இல்லை. ஆனால் அந்த மாதிரி நிற்கும் இருபதுகளையும் முப்பதுகளையும் அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் எடுத்திருந்தேன். என் வீட்டில் சாட்டிலைட் டிவி, அவர்கள் கையில் போன். இவ்வளவுதான் என் திறமை.

எனக்கும் முன்னால் இருந்தவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும்போது, மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் உடையில் மறைத்த கருவி வழியாக அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் இளைஞரைப் போலீஸ் கைது செய்தது. மார்ச்சில் வழக்கைக் கைவிட்டார்கள். கண்ணால் பார்த்ததை வெளியே சொன்னது குற்றமா என்பது நல்ல கேள்விதான். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, மறுபக்கம் போனோடு உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஒருவர் அங்கே இருப்பது தெரியுமா என்பது.

வில்லிசை79 எழுதியது:

நான் எக்ஸ்சேஞ்சில் ஒரு சதமும் போட்டதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பர் 26ஆம் திகதி கெம்ப்டன் பார்க்கில் கிங் ஜார்ஜ் குதிரைப் பந்தயம். மூன்று மைல், குதிரைகள் தாண்டவேண்டிய பதினெட்டு தடுப்பு. வேலையிடத்து நண்பர்களோடு போயிருந்தேன். குளிர் எலும்பைத் தின்றது. ஒதுங்க இடம் தேடி மாடிப் பக்கம் ஏறினபோது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அறை. ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு மடிக்கணினி, கழுத்தில் தொலைநோக்கி. ஒருவர் கையிலும் பியர் இல்லை. கீழே அத்தனை ஆயிரம் பேர் கத்துகிறார்கள், அந்த அறையில் ஒரு சத்தம் இல்லை. பந்தயம் ஓடும்போது அவர்கள் கண் திடலில், விரல் விசையில்.

பிறகு ஒருவரோடு கதைத்தேன். மறைக்காமல் சொன்னார். அந்த இருக்கைக்கு நாள் வாடகை கொடுக்கிறாராம். வீட்டுத் தொலைக்காட்சிக்குப் படம் வந்து சேர்வதற்குள் ஒரு குதிரை தடுப்பில் தடுமாறியதை அவர் பார்த்துவிடுவார், அதுதான் வருமானம். "வீட்டில் இருப்பவனும் இங்கே வரலாமே, யாரும் தடுக்கவில்லையே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ரயிலில் வரும்போது யோசித்தேன். வீட்டில் இருப்பவனுக்கு இப்படி ஒரு அறை இருப்பதே தெரியாதே, பிறகு எப்படி வருவான்?

அந்த ஆள் சொல்லித்தான் இன்னொரு கதையும் தெரிந்தது. பிறகு தேடியும் வாசித்தேன். 2011 டிசம்பர் 28, அயர்லாந்தில் லெப்பர்ட்ஸ்டவுன். வோலர் லா வெடெட் என்ற பெண் குதிரை முன்னால் ஓடி வென்றுகொண்டிருக்கிறது. பெட்ஃபேரில் அதே குதிரைக்கு ஒன்றுக்கு 28 கிடைக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட 21 மில்லியன் பவுண்டுக்கு. ஒருவருடைய தானியங்கி மென்பொருள் வைத்த லே அது. அந்த 21 மில்லியனுக்கும் எல்லோரும் கட்டியிருந்தால் அந்த ஆளின் கணக்கிலிருந்து 588 மில்லியன் கொடுக்கவேண்டும். அந்தக் கணக்கில் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி ஓட்டத்தின் நடுவே கட்டிய எல்லாப் பந்தயத்தையும் நிறுவனம் ரத்து செய்தது. இல்லாத பணத்தைக் கொடுக்க முடியாது, அது புரிகிறது. ஆனால் கைபேசியில் தெரியாமல் விரல் பட்டு ஐம்பது பவுண்டு போனால் யார் எனக்கு ரத்து செய்வார்கள்?

சதுரங்கன் எழுதியது:

ஈரமண், உங்கள் மனசு புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் கால்பந்து மட்டும். அணி விவரம், காயம், வானிலை எல்லாம் எக்ஸெலில் போட்டு ஆட்டத்துக்கு முன்பே கட்டுவேன். ஒரு ஹை ஸ்ட்ரீட் புக்கியிடம் ஏழு வாரம் தொடர்ந்து லாபம். எட்டாவது வாரம் ஐம்பது பவுண்டு போட்டால் "2.14 வரை ஏற்கிறோம்" என்று திரையில் வந்தது. 2 பவுண்டு 14 பென்ஸ்! தோற்கும் வரை விருந்தாளி, ஜெயித்தால் வெளியே போ. அப்புறம்தான் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தேன். ஜெயித்தாலும் அங்கே யாரும் துரத்தவில்லை. அந்த நிம்மதியை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இங்கும் ஜெயிப்பவனைச் சும்மா விடுவதில்லை. 2008இல் பெட்ஃபேர், தொடர்ந்து நன்றாக லாபம் பார்ப்பவர்களுக்கு வழக்கமான கமிஷன் போதவில்லை என்று 20 சதவீதம் வரை எடுக்கும் பிரீமியம் சார்ஜ் கொண்டுவந்தது. 2011இல் மிகப் பெரிய லாபம் பார்ப்பவர்களுக்கு அது 60 வரை போனது. சாதாரண ஆட்கள் சீக்கிரம் பணம் தீர்ந்து போய்விட்டால் மேசையே காலி என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஆனால் அந்தக் கூடுதல் பணம் தோற்றவர்களுக்கா திரும்பிப் போனது? கிடையாது. நிறுவனத்துக்குத்தான்.

நான் கணக்குப் போட்டு ஜெயித்த பணம் நியாயமான பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொன்ன வினாடி விஷயம் வேறு, அதை நான் ஆதரிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

குறிஞ்சிப்பாடி எழுதியது:

ஊரில் இந்த பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் இல்லை, ஆனால் பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம்) இருக்கிறதே. என் மைத்துனன் கடலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். வியாழக்கிழமை எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள் என்றால் கடைப்பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருடத்தில் நாலேகால் லட்சம் போய்விட்டது. அவன் அக்காவின் நகை பேங்கில் அடகில் இருக்கிறது.

2024 செப்டம்பரில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நிதியாண்டில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். மறுபக்கம் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி அல்கோ, அதாவது தானாக வாங்கி விற்கும் மென்பொருள் வழியாக வந்தது. அவன் சொன்ன பதில், "மாமா, நான் அந்த மீதி ஏழு சதவீதத்தில் வருவேன்." நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.

ஈரமண் எழுதியது:

சதுரங்கன், நீங்கள் சொல்வது சரி. இரண்டையும் பிரித்துத்தான் பேச வேண்டும். பந்தயத்துக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டவரின் லாபம் உழைப்பு. அதைத் தோற்றவரும் நினைத்தால் கற்றுக்கொள்ளலாம், குறைந்தபட்சம் தான் ஏன் தோற்றேன் என்று தெரிந்துகொள்ளலாம். நடந்து முடிந்ததை இன்னும் நடக்கவில்லை என்று நம்புகிறவரிடம் வாங்குகிற பணம் அப்படி இல்லை. அண்ணன் தோற்ற காரணத்தையே தப்பாகப் புரிந்துகொண்டு ராசியைத் திட்டிக்கொண்டிருந்தாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

குறிஞ்சிப்பாடி, உங்கள் மைத்துனருக்குச் சதவீதம் சொல்லிப் பயனில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது, நான் செய்ததுதான்.

அன்று சாயங்காலம் அண்ணனை லேப்டாப் முன் உட்கார வைத்தேன். "போனில் ஆட்டம் ஓடட்டும், பந்தயம் கட்டாதீர்கள். இந்த எண்களை மட்டும் பாருங்கள்" என்றேன். ஒரு செட் முழுக்கப் பார்த்தோம். எண் துள்ளும். பிறகு போனில் பந்து வலையில் விழும். எண் துள்ளும். பிறகு போனில் கைதட்டல். நாலாவது தடவை, போனில் சர்வீஸ் போடுவதற்கு முன்பே அவர், "இவன் இந்த பொயின்டை விட்டிட்டான்" என்றார். விட்டிருந்தான்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் இவ்வளவு நாளும் பழைய மட்சையோ பாத்துக்கொண்டிருந்தனான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து அவர் கேட்பார் என்று எனக்குத் தெரிந்த கேள்வியையும் கேட்டார்: "நீயும் இதுதானோ செய்யிறனீ?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தின் நடுவே பந்தயம் கட்டியதில்லை. விம்பிள்டன் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரவும் இல்லை. நான் டென்னிஸ் மார்க்கெட்டை அந்த வாரமே விட்டேன், குதிரைகளை அடுத்த வருடம்.