ஒரே மருந்து, மூன்று விலை: அமெரிக்க மருந்துக் கடைகளில் நமக்கு நடந்தவை

எடிசன், நியூஜெர்சி

வணக்கம். இரண்டு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது, ஆஸ்துமா இருக்கிறது. காலையும் இரவும் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்க வேண்டும். நவம்பரில் அதற்கு 30 டாலர் கோபே (இன்சூரன்ஸ் தருவது போக நம் பங்கு) கட்டினேன். ஜனவரி முதல் வாரம் அதே கடைக்குப் போனால், கவுன்டரில் இருந்த பெண் 241 டாலர் என்றார். தவறாக ஏதோ தட்டிவிட்டார் என்று நினைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. கணவர் வேலை மாறியதால் புது இன்சூரன்ஸ், அதில் குடும்பத்துக்கு டிடக்டிபிள் 3,400 டாலர். அந்தத் தொகையை நாங்கள் கையிலிருந்து கட்டித் தீர்க்கும்வரை இன்சூரன்ஸ் மருந்துக்கு எதுவும் தராது.

இன்சூரன்ஸே வேண்டாம், கையில் காசு கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். 298 என்றார். வாங்காமல் திரும்பிவிட்டேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் இழுத்து இழுத்து மூச்சு விட்டான். நெபுலைசர் வைத்து விடியும்வரை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் போய் நின்றபோது, வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு பாட்டி தன் போனில் இருந்த கூப்பன் ஒன்றைக் காட்டினார். அதைப் போட்டதும் 128 டாலர். அதே பெட்டி, அதே அலமாரி.

நம் ஊரில் மாத்திரை அட்டையைத் திருப்பினால் எம்ஆர்பி அச்சடித்திருக்கும். அதைவிட ஒரு ரூபாய் கூடக் கேட்டால் சண்டை போடலாம். இங்கே எதைக் காட்டிச் சண்டை போடுவது என்றே தெரியவில்லை.

டாலஸ், மருந்தகத்தில் டெக்னீஷியன்

அக்கா, பையன் இப்போது எப்படி இருக்கிறான்? நான் ஆறு வருடமாகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். இந்தக் கேள்வியைத் தினமும் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று விலையும் மூன்று வேறு ஆட்கள் வைத்தவை. 298 என்பது கடை தானே போட்டு வைத்திருக்கும் விலை. 241 உங்கள் இன்சூரன்ஸுக்காக பிபிஎம் என்ற இடைநிலைக் கம்பெனி கடையோடு பேசி வைத்த விலை. கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம்ஆர்எக்ஸ் என்ற மூன்று பிபிஎம்கள்தான் இந்த நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. கூப்பனும் ஏதோ தள்ளுபடிச் சீட்டு இல்லை. அதில் இருக்கும் எண்களை நாங்கள் இன்னொரு இன்சூரன்ஸ் அட்டை மாதிரியே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். பெரும்பாலும் அதற்குப் பின்னாலும் ஒரு பிபிஎம் ஒப்பந்தம் இருக்கும். அதனால்தான் கூப்பனையும் இன்சூரன்ஸையும் சேர்த்துப் போட முடியாது. ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று ஏறும்.

முக்கியமான விஷயம்: நீங்கள் கட்டிய 128 டாலர் பெரும்பாலும் உங்கள் 3,400-ல் கழியாது. இன்சூரன்ஸுக்கு அது தெரியவே தெரியாது. ரசீதை அனுப்பினால் சில பிளான்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, கேட்டுப் பாருங்கள். இந்த வருடம் வீட்டில் ஆபரேஷன், பிரசவம் என்று பெரிய செலவு வரும் என்று தெரிந்தால், சில நேரம் 241 கட்டுவதே லாபம். அப்படி எதுவும் இல்லையென்றால் 128.

இன்னொன்று. மருந்துக் கம்பெனி போடும் பட்டியல் விலையிலிருந்து பெரிய தொகை ரிபேட்டாக, அதாவது தள்ளுபடிப் பணமாக, பிபிஎம்முக்கும் இன்சூரன்ஸுக்கும் பிறகு திரும்பிப் போகிறது. டிடக்டிபிளில் நிற்கும் நோயாளி, அந்த ரிபேட் கழியாத விலையைத்தான் பெரும்பாலும் கட்டுகிறார். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்தான் அதிகம் கட்டுகிறார் என்பது ஆறு வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் கேளுங்கள்: 2019-ல் வருமான வரித் துறை ஒரு அறிவிப்பு கொடுத்தது. உங்களுடையது போன்ற பெரிய டிடக்டிபிள் பிளான்கள்கூட, ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர், இன்சுலின், கொழுப்பு மாத்திரை மாதிரி சில மருந்துகளுக்கு டிடக்டிபிள் முடியும் முன்பே பணம் தரலாம். தரலாம் என்றுதான் இருக்கிறது, தர வேண்டும் என்று இல்லை. அட்டையின் பின்னால் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, "பிரிவென்டிவ் டிரக் லிஸ்ட்" இருக்கிறதா, அதில் எந்த இன்ஹேலர் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஆன் ஆர்பர், மிச்சிகன்

எனக்கு நடந்தது சின்னத் தொகைதான். தைராய்டு மாத்திரைக்கு இரண்டு வருடமாக மாதம் 15 டாலர் கோபே கட்டிவந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் ஃபார்மசிஸ்ட் கைக்காசு விலை போட்டார்: 9 டாலர். இன்சூரன்ஸ் இருந்ததால் மாதம் 6 டாலர் கூடக் கட்டியிருக்கிறேன்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். முன்பெல்லாம் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று கடைகளின் வாயை அடைக்கும் ஒப்பந்தங்கள் இருந்தன. 2018 அக்டோபரில் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். இப்போது கேட்டால் தாராளமாகச் சொல்லலாம், கேட்கத்தான் வேண்டும்.

சான் ஹோசே

கூப்பன் வேறு, மருந்துக் கம்பெனி தரும் கோபே கார்டு வேறு. இது தெரியாமல் நான் பட்டது பெரிய பாடு. சோரியாசிஸுக்கு ஊசி போடுகிறேன். கம்பெனி கார்டு இருந்ததால் என் கையிலிருந்து மாதம் 5 டாலர்தான். கார்டு கட்டும் பணம் என் டிடக்டிபிளில் கழிகிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஜூன் மாதம் கார்டில் இருந்த வருடாந்தரத் தொகை தீர்ந்தது. 1,900 டாலர் பில் வந்தது. என் பிளானில் "அக்யுமுலேட்டர்" என்று ஒரு விதி இருந்திருக்கிறது. கார்டு கட்டியது எதுவும் என் கணக்கில் சேரவில்லை, டிடக்டிபிள் அப்படியே நின்றது. அந்த மாதமும் அடுத்த மாதமும் ஊசி போடவில்லை. கை முழுக்கப் புண். அக்யுமுலேட்டரைத் தடை செய்த மாநிலங்கள் இருக்கின்றன, ஆனால் நமக்கு வேலை தரும் கம்பெனிகள் சொந்தப் பணத்தில் நடத்தும் பிளான்களை அந்த மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்துவதில்லை. வருடா வருடம் பிளான் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் சமயத்தில் இந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

ஷார்லட்

அம்மா போன கோடையில் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். நான்கு மாதத் தங்கல், மூன்று மாத மருந்து. நாலாவது மாதம் இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது என் தவறு. ஊர் டாக்டர் சீட்டை இங்கே எந்தக் கடையும் எடுக்காது. விசிட்டர் இன்சூரன்ஸோ, பழைய சர்க்கரை நோய்க்குப் பணம் தராது. அம்மா சாப்பிடும் வில்டாகிளிப்டின் இந்த நாட்டில் விற்பனைக்கே அனுமதி இல்லாத மருந்து. 120 டாலர் கொடுத்து டாக்டரைப் பார்த்தோம். அதே வகையில் ஜனுவியா எழுதினார். 30 மாத்திரை 500 டாலருக்கு மேல். விலையைக் கேட்டதும் அம்மா, "நான் பட்டினி கிடந்தே சர்க்கரையைக் குறைச்சுக்கறேன், வாங்காதேப்பா" என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் திரும்பப் போய், கைக்காசுதான் சார், விலை குறைந்ததாக எழுதுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னேன். மெட்ஃபார்மின் அளவைக் கூட்டி, கிளிமிப்ரைடு சேர்த்தார். வால்மார்ட்டின் 4 டாலர் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு மொத்தம் 8 டாலர். புது மாத்திரையில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்று டாக்டர் எச்சரித்ததால், தினமும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைத்தோம். மருந்து எழுதும் டாக்டருக்கு விலை தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

டாம்பா, ஓய்வுபெற்றவர்

தம்பி, உன் அம்மா சொன்னது என்னை என்னவோ செய்தது. நான் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் இருக்கிறேன், 71 வயது. ஹியூமலாக் இன்சுலின் 1996-ல் சந்தைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். இருபது வருடத்தில் 270 டாலரைத் தாண்டியது. நூறு வருடத்துக்கு முன் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தவர்கள். நான் ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்ட வருடங்கள் உண்டு, பிள்ளைகளிடம் சொன்னதில்லை. 2022-ல் வந்த சட்டத்தால் 2023 ஜனவரியிலிருந்து மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர்தான். 2025-லிருந்து மெடிகேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யில் நாம் கையிலிருந்து கட்டுவதற்கு வருட உச்சவரம்பும் வந்தது, முதல் வருடம் 2,000 டாலர், 2026-ல் 2,100. நீ சொன்ன ஜனுவியாவுக்கும் மெடிகேர் பேசி முடித்த விலை 2026 ஜனவரி முதல் மாதம் 113 டாலர். கிரீன் கார்டு இல்லாத தாய் தகப்பனுக்கு இதில் எதுவும் கிடைக்காது என்பதுதான் வருத்தம்.

எடிசன், நியூஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. டாலஸ் தங்கை சொன்னபடி இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன், 50 நிமிடம் காத்திருந்தேன். என் பிளானில் அந்தப் பட்டியல் இருக்கிறது, ஆனால் பையனின் இன்ஹேலர் அதில் இல்லை. வேறொன்று இருக்கிறது. அதுவும் போக, சில இன்ஹேலர் கம்பெனிகள் 2024-ல் மாதம் 35 டாலர் உச்சவரம்பு அறிவித்ததும் அப்போதுதான் தெரிய வந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். அவன் வயதுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து மாற்றி எழுதினார். நேற்று மாலை வாங்கினேன், 35 டாலர். இழுக்கும் முறை கொஞ்சம் வேறு, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். ராத்திரி இருமாமல் தூங்கினான்.