பேரவை இரண்டு முறை நிறைவேற்றியும் ஒரு சட்டமுன்வடிவு சட்டமாகாமல் போவது எப்படி?

கேள்வி: தஞ்சை வாசகி

வணக்கம். நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் சட்டமுன்வடிவு தமிழ்நாடு சட்டப்பேரவையில் 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமுன்வடிவும் அவ்வாறே 2022 அக்டோபர் 19 அன்று நிறைவேறி, திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேறியது. பின்னது அடுத்த மாதமே ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. முன்னதற்கோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். பேரவையும் மாறவில்லை, ஆளுநரும் மாறவில்லை. முடிவு மட்டும் ஏன் வேறானது? பேரவைக்குள் நடப்பவற்றையும் சேர்த்து யாரேனும் விளக்கினால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கோட்டை ஓய்வூதியர்

பேரவைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. துறை அமைச்சர் சட்டமுன்வடிவை அறிமுகம் செய்வார். பிறகு அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிவார். எதிர்க்கும் உறுப்பினர்கள் பேசுவதும், உறுப்பினர்கள் சிலர் விரிவாக ஆராயும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோருவதும் இந்தக் கட்டத்தில்தான். அடுத்து ஒவ்வொரு பிரிவாக எடுத்துக்கொண்டு, "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். மேலவை 1986இல் நீக்கப்பட்டதால், இந்த ஓர் அவையோடு சட்டமன்றத்தின் வேலை முடிகிறது.

பிரிவு வாரியான ஆய்வு சில நிமிடங்களில் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. பின்னாளில் நீதிமன்றத்தில் வழக்காகும் சொற்கள் அந்தப் பிரிவுகளுக்குள்தான் இருக்கின்றன. நீங்கள் குறிப்பிடும் சூதாட்டத் தடைச் சட்டத்திலேயே, ரம்மியையும் போக்கரையும் சேர்த்திருந்த அட்டவணையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் மற்ற பகுதி நிலைத்தது.

மறுமொழி: மதுரை வழக்கறிஞர்

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சட்டமியற்றும் அதிகாரத்தை அரசமைப்பு ஒன்றியத்துக்கு, மாநிலத்துக்கு, இரண்டுக்கும் பொது என்று மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. சட்டமுன்வடிவு எந்தப் பட்டியலைச் சேர்ந்த பொருளைத் தொடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவு. ஆளுநர் மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று அரசமைப்பின் 200ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே மாநில அளவிலேயே அது முடிந்தது.

கல்வி அப்படியல்ல. 42ஆவது திருத்தத்தின் வழியாக அது மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாறிவிட்டது. நீட் தேர்வைக் கட்டாயமாக்குவதோ 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், அதாவது நாடாளுமன்றச் சட்டம். பொதுப்பட்டியலில் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாக வேண்டுமானால், அரசமைப்பின் 254(2)இன்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அவர் அதை மறுக்கலாம். திருப்பி அனுப்பச் சொல்லி, பேரவை ஆறு மாதத்துக்குள் மீண்டும் நிறைவேற்றினாலும், ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 201ஆவது பிரிவில் இல்லை. இரண்டாம் முறை நிறைவேற்றுவது ஆளுநரைக் கட்டுப்படுத்துமே தவிர, குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தாது.

தஞ்சை வாசகி

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் பொதுப்பட்டியலில் இருப்பதெல்லாம் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? ஒப்புதலுக்குக் காலக்கெடு ஏதும் இல்லையா?

மறுமொழி: மதுரை வழக்கறிஞர்

காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விலங்குகள் வதைத் தடுப்பும் பொதுப்பட்டியல்தான். ஜல்லிக்கட்டுக்கான திருத்தமும் 1960ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 23 அன்று பேரவையில் நிறைவேறியது, 31 அன்றே குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கு அடுத்த நாள், பிப்ரவரி 1 அன்று நிறைவேறிய இரண்டு நீட் விலக்குச் சட்டமுன்வடிவுகளுக்கோ ஒப்புதல் கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் அறிவுரைப்படி செயல்படுகிறவர். எனவே ஒன்றிய அரசின் மனநிலையையும் சேர்த்துத்தான் இந்த வேறுபாட்டைப் படிக்க வேண்டும். மாநில மக்களின் பேராளர்கள் நிறைவேற்றிய ஒன்று காரணம்கூடத் தெரியாமல் முடங்குவது கூட்டாட்சிக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கெடு விதித்ததோடு, தமிழ்நாட்டின் 10 சட்டமுன்வடிவுகள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றும் தீர்ப்பளித்தனர். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன்பேரில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வாண்டு நவம்பர் 20 அன்று, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது என்று கருத்துரைத்தது. காரணமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காதிருந்தால், முடிவெடுக்கச் சொல்லும் அளவுக்கு மட்டும் நீதிமன்றம் தலையிடலாம் என்ற வழி இருக்கிறது.

மறுமொழி: கோட்டை ஓய்வூதியர்

தேர்வுக்குப் படிப்பதால் ஒன்றைச் செய்து பாருங்கள் அம்மா. தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதியில் முதல் பிரிவு சட்டமுன்வடிவுகளுக்கு, இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கும். அந்த இரண்டாம் பிரிவில் எந்தச் சட்டத்தை எடுத்தாலும், தொடக்க வரியில் ஒப்புதல் அளித்தவர் ஆளுநரா குடியரசுத் தலைவரா என்பதும், ஒப்புதல் நாளும் அச்சாகியிருக்கும். சில சட்டங்களை எடுத்து அந்த வரியையும், உள்ளே "அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்ற பிரிவு இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பிரிவு இருந்தால், ஒப்புதல் கிடைத்த பிறகும் அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் செயலுக்கு வராது.