சோலார் ஹீட்டர் ஒழுகுகிறது: சரிபண்ணுவதா, புதிதாகவே வாங்கிவிடுவதா?

வில்லாபுரம்வாசி:
அவசரம். மொட்டை மாடியில் இருக்கிற சோலார் ஹீட்டர் ஒழுகுகிறது. பார்க்க வந்தவர் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு "உள்டேங்க் போச்சு சார், புதுசு போட்டுருங்க" என்று ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், கேட்டதும் தலை சுற்றிவிட்டது. சரிபண்ண முடியுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா? அம்மாவுக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
எத்தனை லிட்டர்? கண்ணாடி டியூப் வைத்ததா, தட்டை பேனலா? வாங்கி எத்தனை வருடம்? போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா? முக்கியமாக எந்த இடத்தில் ஒழுகுகிறது? போட்டோ இருந்தால் போடுங்கள்.

பைப்லைன்பாண்டி:
போர் தண்ணீராகத்தான் இருக்கும். குடிக்கிற தண்ணீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தரநிர்ணயத்தில் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற வீடுகளில் டியூபைக் கழற்றிக் கவிழ்த்தால் சுண்ணாம்பு கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கிற சாஃப்ட்னர் போடாமல் எதை வாங்கினாலும் இதே கதைதான்.

ஆனையூர்_அனுபவஸ்தர்:
இதற்கெல்லாம் இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, மறுபடி சொல்கிறேன். உள்டேங்குக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் சூடு வெளியே போகாமலிருக்கப் பஃப் நுரை அடைத்திருக்கும். உள்ளே ஓட்டை விழுந்தால் அந்த நுரையைச் சுரண்டி எடுத்துத்தான் வெல்டிங் வைக்க வேண்டும், வைத்தாலும் கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு இடம் விட்டுக்கொள்ளும். குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் சூடாகவே கிடந்தால் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை விழும். பாண்டி சொல்கிற சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுக்கும், குளோரைடை எடுக்காது. ஸ்டாண்டும் டியூபும் அப்படியே இருக்கட்டும், டேங்கை மட்டும் மாற்றுங்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சிரட்டைப்பாய்லர்:
மதுரை வெயிலுக்கு வெந்நீர் ஹீட்டர் எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. சித்திரையில் குழாயைத் திறந்தால் சும்மா வருகிற தண்ணீரே கையைச் சுடுகிறது. மார்கழிக்கு வேண்டுமென்றால் செம்புப் பாய்லர், நாலு தேங்காய்ச் சிரட்டை, வேலை முடிந்தது. எங்கள் தாத்தா காலத்துப் பாய்லர் இன்னும் ஓடுகிறது.

கேகேநகர்_மாப்ள:
அண்ணே, மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பாய்லரை மூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டுவிடுவார். பேசாமல் ஒரு கீசர் மாட்டிவிட்டுப் போகலாம்.

சிரட்டைப்பாய்லர்:
கரண்ட் பில்லை நீங்கள் கட்டுவீர்களா? ரெண்டு கிலோவாட் கீசர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட்.

கேகேநகர்_மாப்ள:
அரை மணி யார் ஓடவிடுகிறார்கள்? நம்ம ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்புத்தான், பதினைந்து லிட்டர் கீசர் கால் மணியில் சுட்டுவிடும். அரை யூனிட்.

சிரட்டைப்பாய்லர்:
வீட்டில் ஒரே ஆள் குளித்தால் சரி. எங்கள் வீட்டில் ஆறு பேர்.

வில்லாபுரம்வாசி:
நன்றி. 200 லிட்டர், கண்ணாடி டியூப். வாங்கி ஆறேழு வருடம் இருக்கும். போர் தண்ணீர்தான். டேங்கின் வலது ஓரத்து மூடிக்குக் கீழே சொட்டுகிறது, காலையில் அதிகம், சாயங்காலம் நின்றுவிடுகிறது. போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.

ஆனையூர்_அனுபவஸ்தர்:
ஓர மூடி என்றால் உள்டேங்க்தான். முதலிலேயே சொன்னேன்.

மாடித்தோட்டம்:
ஐயா, கொஞ்சம் பொறுங்கள். உள்டேங்கில் ஓட்டை என்றால் தண்ணீர் இருக்கிற வரை சொட்டிக்கொண்டேதானே இருக்கும்? சாயங்காலம் மட்டும் ஏன் நிற்கிறது? வில்லாபுரம், மோட்டார் எப்போது போடுவீர்கள்? மேலே இருக்கிற தண்ணீர் டேங்கைச் சமீபத்தில் மாற்றினீர்களா?

வில்லாபுரம்வாசி:
மோட்டார் காலையில்தான். ஆமாம், தீபாவளிக்கு முன்னால் 500 லிட்டர் சின்டெக்ஸை எடுத்துவிட்டு 1000 லிட்டர் வைத்தோம், அது நல்ல உயரம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மாடித்தோட்டம்:
சம்பந்தம் இருக்கிறது. சோலார் டேங்கின் தலையில் நிமிர்ந்து நிற்கிறதே ஏர் வென்ட் பைப், அதன் வாய் சின்டெக்ஸின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போட்டு டேங்க் நிறைந்ததும் தண்ணீர் அந்தப் பைப் வழியாக வழியும், தகட்டின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போய் ஓர மூடியில் வந்து சொட்டும். பகலில் நீங்கள் புழங்கப் புழங்க மட்டம் இறங்கிவிடும், ஒழுகலும் நின்றுவிடும். நாளைக் காலை டேங்க் நிறைந்ததும் மேலே ஏறி வென்ட் பைப்பின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் என்பதால் வழிந்த இடத்தில் வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும்.

பைப்லைன்பாண்டி:
அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஏறினதுதான் ஏறினீர்கள், டியூப் வாயில் இருக்கிற சிலிக்கான் ரிங்குகளையும் பாருங்கள், வெயிலில் வெடித்திருந்தால் அங்கேயும் கசியும். ஒவ்வொரு டியூபின் அடிமுனையும் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சாகப் பளபளக்கும், அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது, அந்த டியூப் இனிச் சுடாது, அதை மட்டும் மாற்றினால் போதும். எதைக் கழற்றுவதானாலும் உச்சி வெயிலில் வேண்டாம், காய்ந்து கிடக்கிற டியூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் படார் என்று போய்விடும். உப்பெடுக்கிறேன் என்று கக்கூஸ் ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் மாடிப்படி ஏறவிடாதீர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அது எமன். சிட்ரிக் ஆசிட் போதும்.

ஆனையூர்_அனுபவஸ்தர்:
வென்ட் பைப் எல்லாம் பாலபாடம். மேல்டேங்க் மாற்றியதைக் கேள்வியிலேயே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கேகேநகர்_மாப்ள:
சொல்லியிருப்பீர்கள் சார், சொல்லியிருப்பீர்கள்.

சிரட்டைப்பாய்லர்:
பாய்லரில் இந்த வென்ட், ரிங்கு, டியூபு ஒன்றும் கிடையாது.

வில்லாபுரம்வாசி:
வென்ட்தான். வெள்ளைக் கோடு இருந்தது. பிளம்பரை வைத்துப் பைப்பை உயர்த்தியாயிற்று, இப்போது மூடியில் ஈரமே இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மாடித்தோட்டம்:
நல்லது. உங்கள் மாடலில் ஆனோட் ராடு உண்டா, வாங்கியதிலிருந்து மாற்றினீர்களா? டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடத்தான் அதை வைத்திருக்கிறார்கள், மக்னீசியம் கரைந்து நடுக்கம்பி மட்டும் மிச்சமிருந்தால் உடனே மாற்றுங்கள், அதை விட்டுவிட்டால் அந்த மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

மாடித்தோட்டம்:
வில்லாபுரம்?

கேகேநகர்_மாப்ள:
அவர் குளிக்கப் போய்விட்டார் அக்கா.

பைப்லைன்பாண்டி:
வந்தால் சாஃப்ட்னரையும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.