இதயமுடுக்கிக்கு உடலின் குளுக்கோஸே மின்சாரம் தருமா?

கேள்வி:
இதயமுடுக்கியின் லித்தியம் மின்கலம் ஏறக்குறைய 7 முதல் 10 ஆண்டுகளில் தீர்ந்துவிடுவதால், கருவியை மாற்ற மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இரத்தத்தில் குளுக்கோஸும் ஆக்சிஜனும் ஓயாமல் வந்துகொண்டிருக்க, அவற்றிலிருந்தே மின்சாரம் எடுக்கும் உயிரி எரிபொருள் கலம் ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை? திறன் போதவில்லையா?

பதில் 1:
திறன் முதன்மைத் தடை அன்று. இதயமுடுக்கிக்குச் சுமார் 10 மைக்ரோவாட் போதும். கலத்தின் ஒரு மின்வாயான ஆனோடில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க, அவை வெளிச்சுற்று வழியாக மறு மின்வாயான கேத்தோடை அடைந்து, லாக்கேஸ் போன்ற மற்றொரு நொதியின் துணையுடன் ஆக்சிஜனை நீராக்குகின்றன. சிக்கல் நொதிகளின் ஆயுளில்தான் இருக்கிறது. உடல் வெப்பநிலையில் அவை வாரங்களிலோ மாதங்களிலோ செயலிழக்கின்றன. பத்தாண்டு உழைக்கும் லித்தியத்துக்கு மாற்றாக அவற்றை எந்த மருத்துவர் பரிந்துரைப்பார்? போதாக்குறைக்கு, குளோரைடு அயனிகள் லாக்கேஸை முடக்குகின்றன. உடல் திரவத்திலோ குளோரைடுக்குப் பஞ்சமில்லை.

பதில் 2:
அதனால்தான் 2010-இல் எலியின் உடலுக்குள் கலத்தைப் பொருத்திய பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள், லாக்கேஸை விடுத்துப் பாலிஃபீனால் ஆக்சிடேஸைக் கேத்தோடில் பயன்படுத்தினார்கள். நொதிக்குப் பதில் பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்தால் சிதைவு குறையும். ஆனால் அது குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் பிரித்தறியாது என்பதால், மின்வாய்களின் அமைப்பைக் கொண்டே அவற்றைப் பிரிக்க வேண்டும். திசுத் திரவத்தில் குளுக்கோஸைவிட ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதையும், பொருத்திய பொருளைச் சுற்றி உடல் நார்த்திசுவை வளர்த்து எரிபொருளின் வரத்தை மட்டுப்படுத்தும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், சில வாரங்களே உடலில் இருக்கும் உணரிகளுக்கு இது முதலில் பயன்படக்கூடும் அல்லவா?

பதில் 1:
ஆம், அங்கே நொதியின் குறுகிய ஆயுள் ஒரு குறையே ஆகாது. ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கும் கீழே நிற்பதால், அதை உயர்த்தும் சுற்று ஒன்று மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.