புதுப்பிப்பு: 600 சிசி, 1000 சிசி வண்டிகளில் சக்தி வெளிப்படும் விதம்

600 சிசி மோட்டார் சைக்கிளிலிருந்து லிட்டர் வண்டிக்கு (அதாவது 1000 சிசி) மாறினால் உண்மையில் என்ன வேறுபாடு தெரியும் என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் இதைச் சேர்க்கிறேன். 600 சிசி வண்டியான 2017 யமஹா ஆர்6 10,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் எண்ணிக்கை) 61.7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 1000 சிசி வண்டியான 2015 யமஹா ஆர்1 11,500 ஆர்பிஎம்மில் 112.4 தருகிறது. உச்சம் இரண்டிலும் அதிக ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது என்றாலும், வளைவிலிருந்து வெளியேறும்போது ஆர்6-இல் இரண்டு கியர் இறக்கி என்ஜினைச் சுழலவிட வேண்டிய இடத்தில், ஆர்1 அதே கியரில் த்ராட்டிலைச் சற்றுத் திருகியதுமே பாய்கிறது. ஆகவே டிராக்‌ஷன் கண்ட்ரோலை (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) அணைத்துவிட்டு ஆர்1-ஐ ஓட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். த்ராட்டிலை முழுதாகத் திறந்து 14,000 ஆர்பிஎம் வரை அலறவிடும் சுகமோ (பொதுச் சாலையில் அதற்கு ஏது இடம்!) ஆர்6-க்கே உரியது.