மறு: மசோதா 'காலாவதி' ஆகிறதா? 'உடன்கலைவு' என்று ஒரு பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம். மக்களவை கலையும்போது நிலுவையிலுள்ள மசோதா இல்லாமற்போவதை (ஆங்கிலத்தில் lapse) 'காலாவதி' என்கிறோம். அதற்குப் பதில் 'உடன்கலைவு' என்று சொல்லலாம் என எழுதியிருந்தேன்.

"'காலாவதி' எல்லாருக்கும் புரிகிற சொல்தானே, அதை ஏன் தொட வேண்டும்?" என்று தேவகோட்டை ஆச்சி கேட்டிருந்தார்கள். தவறாகப் புரிகிறது ஆச்சி, அதுதான் என் கவலை. காரைக்குடிப் பக்கம் கொடுக்கல் வாங்கலில் பழகியவர்களுக்குக் காலாவதி என்றால் புரோநோட்டுதான், அதாவது கடன் வாங்கியவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. மூன்று வருடக் கெடு. அதற்குள் ஒரு தொகையாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடவைக்காவிட்டால் கோர்ட்டில் செல்லாது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம், "மசோதாவுக்கு எத்தனை வருடம் கெடு ஐயா?" என்றே கேட்டுவிட்டார்.

மசோதாவுக்குக் கெடு கிடையாது. கூட்டத்தொடரை முடித்துவைத்தாலும் அது உயிரோடிருக்கும். அரசியலமைப்பின் 107ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மக்களவை கலைந்தால்தான் ஆபத்து. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா பட்ட பாட்டைப் பாருங்கள். 1996, 1998, 1999 என மூன்று முறை மக்களவையில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவை கலைந்தது, மசோதாவும் போயிற்று. மாநிலங்களவை கலையாத அவை என்பதால் 2008-ல் அங்கே கொண்டுபோனார்கள். 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்தது. வந்த இடத்தில் கிடந்து, 2014-ல் அந்த அவை கலைந்ததும் அதுவும் போயிற்று. 2023-ல் புது மசோதாதான் சட்டமானது. இதில் நாள் கடந்துபோனது எங்கே இருக்கிறது? அவையோடு சேர்ந்து மசோதாவும் கலைகிறது. அதனால்தான் 'உடன்கலைவு' என்கிறேன்.

'வீழ்வு' என்று புதுக்கோட்டை அண்ணன் சொன்னதை ஏற்க முடியவில்லை. வாக்கெடுப்பில் தோற்றதாகத் தோன்றும்.

– காரைக்குடியிலிருந்து

*

தம்பிக்கு,

மகளிர் மசோதாவை வைத்துச் சொன்னதும் விளங்கிவிட்டது. ஒரு சந்தேகம். மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவும் போய்விடுகிறதே? அது இருக்கும் அவை கலையவில்லையே, 'உடன்' எப்படிப் பொருந்தும்? நம் தமிழ்நாட்டில் 1986-லிருந்து சட்ட மேலவை இல்லாததால் இந்த வேறுபாடு யாருக்கும் சட்டென்று படாது. விளக்கக் குறிப்பில் எழுதத்தான் வேண்டும்.

– தேவகோட்டையிலிருந்து

*

ஆச்சி,

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்த மசோதா பிறந்த அவை மக்களவை. தாய் அவை கலைந்ததால் போகிறது. மாநிலங்களவையிலேயே பிறந்து, மக்களவை இன்னும் நிறைவேற்றாமல் மாநிலங்களவையிலேயே நிலுவையில் இருப்பது போகாது. இரு அவைகளும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் போகாது. குறிப்பில் இப்படி எழுதலாமா: "உடன்கலைவு: மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதாவோ, அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் நிலுவையில் உள்ள மசோதாவோ, மக்களவை கலைவதால் இல்லாமற்போதல்"? வினையாக, 'மசோதா உடன்கலைந்தது'. பழகும்வரை பக்கத்தில் 'காலாவதி' என்றும் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்களும் சொல்லுங்கள்.