மறு: டயர் டிகிரேடேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘டயர் தேய்மானம்’ என்றே இருக்கட்டுமே, எல்லோருக்கும் புரிகிறதே.

நண்பர்களே, தேய்மானம் என்றால் ரப்பர் குறைகிறது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். கார் பந்தயத்தில் ‘டயர் டிகிரேடேஷன்’ என்று சொல்வது அது இல்லை. டயரில் ரப்பர் மிச்சம் இருக்கும்போதே சூடு ஏறி ஏறிப் பிடிமானம் போய்விடுகிறது. சுற்றுக்குச் சுற்று நேரம் கூடுகிறது. ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் எந்தச் சுற்றில் டயர் மாற்றப் பிட்டுக்குள் வருவது என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது.

2013 பார்சிலோனா பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது முதல் வரிசை இரண்டு இடமும் மெர்சிடிஸ் அணிக்கு. ஆனால் முதலில் கிளம்பிய ராஸ்பெர்க் 6-ஆவதாக வந்தார், பக்கத்தில் நின்ற ஹாமில்டன் 12-ஆவது. தனிச் சுற்றில் பறந்த காரால் பந்தய தூரம் முழுக்கப் பின்பக்க டயர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு மெல்போர்னில் லோட்டஸின் ரைக்கோனன் 7-ஆம் இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தார். அவரோடு போட்டியிட்ட அலோன்சோவும் வெட்டலும் மூன்று முறை டயர் மாற்றினார்கள், ரைக்கோனன் இரண்டே முறை. எல்லா அணிக்கும் டயர் கொடுத்தது பிரெல்லிதான். வித்தியாசம் காரில்: சஸ்பென்ஷன், எடை விழும் விதம், பிரேக் சூடு ரிம்முக்குப் போகும் வழி, டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை). டவுன்ஃபோர்ஸ் குறைந்தால் வளைவில் கார் வழுக்கும். வழுக்கினால் டயரின் மேற்பரப்பு சூடேறும். சூடேறினால் இன்னும் வழுக்கும்.

ஆகவே சொல்லில் ‘பிடி’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. என் பரிந்துரை: பிடித்தளர்வு. ‘பின் டயரில் பிடித்தளர்வு அதிகம்’ என்று எழுதிப் பாருங்கள், இயல்பாக உட்காருகிறது. சூட்டால் வருவதை வெப்பப் பிடித்தளர்வு எனலாம். முன்பு இந்த உரையாடலில் வந்த ‘டயர் சோர்வு’ அழகான சொல்தான், ஆனால் அது உலோகத்தில் வரும் ஃபட்டீக்கை, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகம் பலமிழப்பதை, நினைவூட்டிவிடும். அதுவும் இதுவும் ஒன்றல்ல.

கிரெயினிங்குக்குப் ‘பிசிறடிப்பு’ போதும். மேற்பரப்பு வழுக்கிக் கிழிந்து, ரப்பர் பிசிறுகள் டயரிலேயே ஒட்டிக்கொள்வதுதானே அது. பிளிஸ்டரிங் உள்ளே சூடேறி வெடிப்பது, அதற்குக் ‘கொப்புளம்’. வினையாக்கும்போது ‘கொப்புளிக்கிறது’ மட்டும் வேண்டாம், வாய் கொப்புளிப்பது போலாகிவிடும். ‘கொப்புளம் கிளம்புகிறது’ சரி.

அப்புறம், ஒர்க்கிங் விண்டோ, அதாவது டயர் நன்றாகப் பிடிக்கும் வெப்பநிலை எல்லை. ‘பிடிவெப்ப வரம்பு’ எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?